கந்தப்பளைக்குப் போன மனைவியும் ஒரு சட்டி மரக்கறிச் சோறும்

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எங்கள் வீட்டில் காரியங்கள் கெடத் தொடங்கின. மணியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. பாடசாலைச் சுவர்க் கடிகாரம் ஓடவில்லையென்று வீட்டுக்குத் தூக்கிவந்து, மேசைமேல் மல்லாத்திப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரியாகப் பத்தேகாலில் வைத்தேன். அந்த நேரத்தில்தான் காசிம் நானா மூச்சிரைக்க உள்ளே வந்தார். எடுத்த கையை நான் திரும்ப வைக்கவில்லை. கடிகாரம் இன்றைக்கும் பத்தேகாலிலேயே நிற்கிறது. என் நெஞ்சும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது.

காசிம் நானா லிந்துலைக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். கனத்த சரீரம். மழைக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறி வருகிற மனிதர் அல்ல. அன்று ஏறி வந்திருந்தார். குடை உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரண்டிருந்தது.

"மாஸ்டர், வந்துட்டாரு."

"யாரு?"

"பிரஜாவுரிமை ஐயாதான். என் கடையிலதான் பிளேன்டீ குடிச்சாரு. தோட்டத்து மாஸ்டர் வீட்டுக்கு எந்தப் பாதைன்னு என்கிட்டயே கேக்குறாரு. நான் பேக்டரி வழியா சுத்துப் பாதையைக் காட்டி விட்டுட்டு, குறுக்கால ஓடியாறேன். போற வழியில இன்னும் ரெண்டு வீடு பார்க்கணுமாம். அம்மா எங்க?"

"கந்தப்பளைக்குப் போயிருக்கா."

காசிம் நானா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி முனகியது. "யா அல்லா! இன்னிக்குத்தானா போகணும்?"

2

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இந்த நாடு சுதந்திரம் பெற்ற கையோடு, இந்தியாவிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் இந்நாட்டுப் பிரஜைகள் அல்லர் என்று ஆகிவிட்டது. பிரஜையாக வேண்டுமானால் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இத்தனை வருடமும் இங்கேதான் இருந்தேன், மனைவி மக்களும் என்னோடு இங்கேதான் இருந்தார்கள், இனிமேலும் இங்கேதான் இருப்போம் என்று நிரூபிக்க வேண்டும். கெடு முடிவதற்குள் நானும் எழுதிப் போட்டேன். போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் எழுதிய ஞாபகமூட்டல்களைக் கட்டி வைத்தால் தலையணை உயரம் வரும்.

இருந்தோம் என்பதை நிரூபிப்பது எளிது என்றுதான் நினைத்திருந்தேன். பத்தொன்பது வயதில் கும்பகோணத்திலிருந்து வந்தவன். இப்போது தலை நரைத்துவிட்டது. நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்புகிறார்கள். ஆனால் என் மனைவி அலமேலு, தன் தகப்பனார் காலமானபோது ஊருக்குப் போய்வந்தாள். அவள் கப்பலேறிப் போனது சர்க்கார் பதிவில் இருக்கிறதாம். திரும்பி வந்தது இல்லையாம். வந்து மூன்று வருடமாக என் வீட்டில் சட்டி பானை உருட்டிக்கொண்டிருப்பவள், சர்க்காரைப் பொறுத்தவரை இன்னும் தஞ்சாவூர் ஜில்லாவில் அழுதுகொண்டிருக்கிறாள்.

அதனால் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். எப்போது என்று சொல்லவில்லை. அவர் வருவார் வருவார் என்று அலமேலு எத்தனையோ நாள் வாசலைப் பார்த்தபடி வீட்டிலேயே இருந்தாள். அன்று கந்தப்பளையில் அவள் அண்ணன் மகளுக்குச் சடங்கு. அத்தை போகாமல் முடியுமா? விடியலிலேயே எழுந்து, பகலுக்கு எங்களுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் செய்து மூடி வைத்து, அடுப்பிலிருந்த சாம்பலையும் அள்ளிக் கொட்டி, மெழுகிவிட்டு, முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நாலு மணி பஸ்ஸில் வருவாள்.

"சாம்பல் அள்ளின அடுப்பா!" என்று காசிம் நானா தலையில் கை வைத்தார். "மாஸ்டர், டயகமப் பக்கம் என்ன நடந்திச்சுன்னு தெரியுமா? அந்த ஐயா வீட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தி கூரையைத்தான் பாக்குறாரு. பொகை வரலையா, பொம்பள இந்தியாவுலன்னு எழுதிட்டுப் போயிடுறாராம். மத்தியானம் அடுப்பு எரியாத வீடு குடும்பம் இருக்குற வீடா?"

எனக்கு இது நியாயமாகப் பட்டது. பயந்தவனுக்கு எல்லாமே நியாயமாகப் படும்.

"இல்லாட்டி ஒண்ணு செய்யலாம்," என்று குரலைத் தாழ்த்தினார். "அடுத்த லயத்து வீடுகள்ல இருந்து யாராச்சும் ஒரு அம்மாவைக் கூட்டியாந்து, கொஞ்ச நேரம் முக்காடு போட்டு உக்கார வச்சா..."

உள்ளே பாடப்புத்தகத்தோடு இருந்த என் மகள் தேவகி தலையை நீட்டினாள். வயது பதினைந்து. "அப்புறம் நாலு மணிக்கு அம்மா வந்தா ரெண்டு அம்மா இருப்பாங்களே நானா? அதுக்கு வேற தனியா விண்ணப்பம் போடணுமா?"

காசிம் நானா அந்த யோசனையை உடனே கைவிட்டார்.

3

தேவகியை அடுப்பு மூட்டச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுப்பா. நீங்கதானே அடுப்பங்கரைப் பக்கம் போகாதே, படி படின்னீங்க. இப்பவும் படிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

கூடவே இன்னொன்றும் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"அப்பா, நம்மளைப் போகச் சொல்லிட்டா நான் எங்க போய் இறங்கறது? உங்க ஊரு பேரு எனக்கு எழுதத்தான் தெரியும். எங்க ஊரு லிந்துலைதானே."

அவள் பள்ளியில் சிங்களம் படிக்கிறாள். தோசைக்குச் சட்னியை விட்டுவிட்டுச் சீனிச்சம்பல் தொட்டுக்கொள்கிறாள். நான் ஊர்க் கதை சொன்னால், பூகோளப் பாடம்போல மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிறாள். அதெல்லாம் எனக்கு இத்தனை நாளும் ஒரு குறை. அன்று அது குறையாகப்படவில்லை. இந்தப் பெண்ணைக் கொண்டுபோய் எந்த ஸ்டேஷனில் இறக்குவேன்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே அடுப்படிக்குப் போனேன்.

வெறும் அடுப்பு எரிந்தால் சந்தேகம் வரும், மேலே ஒரு சட்டியும் கொதிக்க வேண்டும். எனக்குச் சமையல் அடியோடு தெரியாது என்று சொல்ல மாட்டேன். கும்பகோணத்தில் படிக்கும்போது ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். அங்கே சனிக்கிழமை என்றால் காய்கறி சாதம். திங்கட்கிழமைப் பூசணியிலிருந்து வெள்ளிக்கிழமைக் கத்தரிக்காய் வரை அந்த வாரம் மிஞ்சியதெல்லாம் அதற்குள் புகுந்துவிடும். மேலே பெருங்காயத்தைப் போட்டு வாயை அடைத்துவிடுவார் சமையல்காரர் சாமா. நான் உட்காரும் இடத்திலிருந்து ஜன்னல் வழியாக அவர் கிளறுவது தெரியும். வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். அன்று நடந்ததற்கெல்லாம் காரணம் அந்த ஜன்னல்தான். சாமா சமைத்தது ஒரு மெஸ் நிறைய ஆட்களுக்கு என்பது ஜன்னலிலிருந்து தெரியாது.

இங்கே காய்கறிக்கு மரக்கறி என்று பெயர். அலமேலு வீட்டுக்குப் பின்னால் பாத்தி போட்டிருக்கிறாள். காரட், பீட்ரூட், போஞ்சி, கோவா, லீக்ஸ். போஞ்சி என்பது பீன்ஸ். கோவா என்பது முட்டைக்கோஸ். லீக்ஸை எப்படிச் சொல்வது? நம் ஊர் வெங்காயத்தாள் குளிர்தேசத்துக்குப் போய், நன்றாகச் சாப்பிட்டு, கைத்தடி கனத்துக்கு ஆகிவிட்டால் அதுதான் லீக்ஸ். வந்த புதிதில் அலமேலு அதைத் தொட மாட்டாள். இப்போது தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளிலிருந்து அவளிடம்தான் வந்து லீக்ஸ் நாற்றுக் கேட்கிறார்கள்.

மழையில் பாத்திக்குள் இறங்கினேன். வரிசையின் கோடியில் நாலு லீக்ஸ் என் இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றன. மற்றவை எல்லாம் அவற்றின் பக்கத்தில் குழந்தைகள். உச்சியில் பந்துபோல மொட்டு வேறு. சுற்றிலும் குச்சி ஊன்றி, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருந்தாள். இவ்வளவு செழிப்புக்குக் கண்ணேறு படாமலிருக்கக் கட்டினாள் என்று எடுத்துக்கொண்டேன். அதிகாரிக்குப் போடுவதென்றால் சிறந்ததைத்தானே போட வேண்டும்? நாலையும் பிடுங்கினேன். வேர் விட மறுத்தது. நானும் விடவில்லை.

விறகுக்குத் தேயிலை மிலாறு, அதாவது கவாத்து வெட்டிய செடியின் குச்சி. நல்ல மிலாறு சடசடவென்று எரியும். மழையில் நனைந்த மிலாறு எரிவதைத் தவிர மற்றதெல்லாம் செய்யும். புகை வந்தது. கூரைப் புகைபோக்கி ஒன்றைத் தவிர, கதவு, ஜன்னல், ஓட்டு இடுக்கு எல்லாவற்றிலும் வந்தது. காசிம் நானா வெளியே போய் நின்று கூரையைப் பார்த்துக் கத்தினார்: "மேல வரல்ல மாஸ்டர்! இன்னும் ஊதுங்க!"

பெரிய சட்டியை ஏற்றித் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். நறுக்கியதையெல்லாம் போட்டேன். சாமா போட்டதாக என் கண்ணில் நிற்கும் அளவுக்கு அரிசி போட்டேன். நானா உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தார்.

"கூப்பன் அரிசியா?"

"ஆமாம்."

"வாரத்து ரேஷன் அரிசி முழுக்கவா?"

அப்போதுதான் அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஆமாம், முழுக்கத்தான்.

"இது என்ன, கலியாண வீடா மாஸ்டர்?"

அரிசி பொங்கத் தொடங்கியது. மூடியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. பாதியை இன்னொரு சட்டிக்கு மாற்றினேன். இரண்டும் பொங்கின. தேவகி புத்தகத்தைப் போட்டுவிட்டு வந்து மூன்றாவது சட்டியைப் பிடித்தாள். பீட்ரூட் தன் வேலையைக் காட்டியது. சோறு, அகப்பை, என் வேட்டி, காசிம் நானாவின் சட்டைக் கை எல்லாம் ஒரே செந்நிறம்.

அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

4

ஒல்லியான மனிதர். கையில் தோல் பை, நனைந்த குடை. புகைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

மரியாதையாக இருக்கட்டும் என்று நான் சிங்களத்தில் வரவேற்றேன். தேவகியின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குத் தெரிந்த சிங்களம் மாட்டு வண்டிக்காரரிடம் கற்றது. அவர் மாட்டை "வா" என்று கூப்பிடுவதைத்தான் நான் அதிகாரியிடம் சொன்னேனாம். அவள் உடனே நல்ல சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

"பரவாயில்லை," என்றார் அவர் தமிழில். "எனக்குத் தமிழ் கொஞ்சம் வரும். ஹட்டனில் வேலை செய்தேன். மாஸ்டர், நோனா எங்கே?"

இங்கே வீட்டம்மாவுக்கு நோனா என்று பெயர்.

காசிம் நானா முந்திக்கொண்டு, "குளிக்கப் போயிருக்காங்க," என்றார். தேவகி அதே மூச்சில், "கந்தப்பளைக்குப் போயிருக்காங்க," என்றாள்.

அதிகாரி இருவரையும் பார்த்தார். "குளிக்கக் கந்தப்பளைக்கா?"

"சடங்குக்கு ஐயா," என்றேன் நான். என் குரல் எனக்கே பொய்போலக் கேட்டது. "நாலு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள்."

"காலையிலிருந்து இரண்டு வீடு பார்த்தேன் மாஸ்டர். இரண்டு நோனாவும் கந்தப்பளை. உங்கள் நோனாவும் கந்தப்பளை. அங்கே என்ன, நோனாக்களுக்கு மாநாடா?"

உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வது எப்படி என்பதை வாழ்நாளில் அன்றுதான் கற்றேன். மற்ற இருவரின் மனைவிமார் எங்கே இருந்தார்களோ, எனக்குத் தெரியாது.

அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "சமையுங்கள், சமையுங்கள்," என்றார். நான் உப்புத் தேடினேன். பிஸ்கட் டின்னில் கடுகு இருந்தது. கடுகு என்று எழுதிய போத்தலில் கொத்தமல்லி. மருந்துப் போத்தலில் பெருங்காயம். தேவகியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். எல்லா டின்னையும் திறந்து மூடினேன். அவசரத்தில் ஒன்று விழுந்து உருண்டு அதிகாரியின் சப்பாத்துக் காலில் போய் முட்டியது.

அவர் விரலால் மேலே காட்டினார். "அங்கே."

அடுப்புக்கு மேல் கயிற்றில் ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்கியது. அதில் உப்பு. இந்த ஈரத்தில் கீழே வைத்தால் உப்பு தண்ணீராகிவிடுமாம்.

"எங்கள் வீட்டிலும் அங்கேதான்," என்றார்.

5

மழை வலுத்துவிட்டதால் அவர் போக முடியவில்லை. சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்றார். மூன்று சட்டிகளையும் பார்த்துவிட்டு, "சரி, உதவியாக இருக்கும்," என்றார்.

காசிம் நானா, தேவகி, அதிகாரி, நான் என்று நாலு பேரும் உட்கார்ந்தோம். சோறு மேலே சிவப்பு, நடுவே அரைவேக்காடு, அடியில் கரி. காரட் பரவாயில்லை. லீக்ஸ்தான் மென்றால் மென்றுகொண்டே இருந்தது. நாலு பேரின் தாடைகளும் ஓயாமல் அசைந்தன.

"நல்ல தெம்பான சோறு," என்றார் காசிம் நானா. அவர் நல்ல நண்பர்.

அதிகாரி வாயிலிருந்து ஒரு துண்டை எடுத்து, விரலில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்ன மரம் மாஸ்டர்?"

"லீக்ஸ் ஐயா. எங்கள் பாத்தியில் விளைந்தது. இருந்ததிலேயே பெரியது."

"நான் நுவரெலியாக்காரன். லீக்ஸ் எனக்குத் தெரியும்." இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு அதைத் தட்டின் ஓரத்தில் ஜாக்கிரதையாக வைத்தார். "இதை நீங்கள் நோனாவிடம் கேட்டுப் பிடுங்கினீர்களா?"

"இல்லை."

"ம்."

கை கழுவிவிட்டுத் தோல் பையைத் திறந்தார். என் விண்ணப்பம் அதில் மஞ்சளாகிப் போய்க் கிடந்தது.

"மாஸ்டர், உங்களுக்கு உப்பு எங்கே என்று தெரியாது. அரிசி எவ்வளவு என்று தெரியாது. ஆகவே இந்த வீட்டில் ஒரு நோனா இருந்தார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என்னை அதை மட்டும் கேட்டு அனுப்பவில்லை. போனவர் வந்தாரா? வந்தவர் இனி இருப்பாரா? அதை நீங்கள் சொல்ல முடியாது. சட்டி சொல்ல முடியாது."

"நான் எழுதிக் கொடுக்கிறேன் ஐயா."

"எழுதிக் கொடுத்தது நிறைய இருக்கிறது," என்று பையைத் தட்டினார்.

தேவகி சிங்களத்தில் அவரிடம் ஏதோ கேட்டாள். அவரும் சிங்களத்தில் பதில் சொன்னார். நெடுநேரம் பேசினார்கள். என் பிள்ளை என் வீட்டில் என் தலைவிதியைப் பற்றிப் பேசுகிறாள். எனக்கு அதில் ஒரு வார்த்தை புரிகிறது, அடுத்த வார்த்தை புரியவில்லை. பிறகு கேட்டேன்.

"என்ன சொன்னே?"

"மழை விட்டாலும் போகாதீங்க, எங்க அம்மா வர்ற வரைக்கும் இருங்கன்னு சொன்னேன். அவரு, நோனாவைப் பாக்காம போற மாதிரி இல்லைங்கிறாரு. அந்த லீக்ஸைப் பாத்ததுக்கு அப்புறம் கட்டாயம் பாக்கணுமாம்."

லீக்ஸுக்கும் பிரஜாவுரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. தரக்குறைவான மரக்கறி போட்டு அதிகாரியை அவமதிப்பதற்கு எதிராக ஏதாவது சட்டம் இருக்குமோ என்று யோசித்தேன். இதை எழுதுகிற இன்றுவரை கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. தபால்காரர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் கரிந்த சோற்று வாசனை வருகிறது.

6

நாலு மணி பஸ் நாலு மணிக்கு வரவில்லை. காசிம் நானா கடையை நினைத்துக் கவலைப்பட்டார். ஆனால் போகவில்லை. அதிகாரி என் பாடசாலைக் கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக் குடைந்துகொண்டிருந்தார். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். இதுவரை எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். மனைவி வரட்டும் என்று வேண்டிக்கொள்ள ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. கூரையிலிருந்து மட்டும் இப்போது அழகாகப் புகை போய்க்கொண்டிருந்தது. நெருப்பு அணைந்த பிறகுதான் அதற்கு வழி தெரிந்தது.

வாசல் பக்கம் யாரும் வரவில்லை. பின்பக்கம் பாத்தியிலிருந்துதான் சத்தம் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியவள் குறுக்குப் பாதையாக வந்து கொல்லைப்புறம் ஏறியிருக்கிறாள்.

"ஐயையோ! எந்தப் பாவிடா இது!"

அதிகாரி கடிகாரத்தைக் கீழே வைத்தார்.

அலமேலு அடுப்படிக்குள் வந்தாள். பட்டுச் சேலை முழங்கால் வரை சேறு. ஒரு கையில் சடங்கு வீட்டுப் பலகாரப் பை. இன்னொரு கையில் சிவப்புத் துணிக் கிழிசல் நாலு. மூன்று சட்டியைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த அரிசிப் பானையைப் பார்த்தாள். திறந்து கிடந்த டின்களைப் பார்த்தாள். என் வேட்டியைப் பார்த்தாள். அந்நிய மனிதர் ஒருவர் நிற்பது அவள் கண்ணில் படவே இல்லை.

"என்னங்க இது? துணி கட்டி, குச்சி நட்டு, விதைக்கு விட்டிருந்தேனேங்க! பூ விரியுற நேரம். வெங்காயத்தாளுக்கும் விதை லீக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒரு மனுசனுக்கு? புள்ளைங்களுக்கு என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கிறீங்க?"

"அலமேலு, இவர்..."

"யாரா இருந்தா என்ன? நானா, நீங்களும் பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

காசிம் நானா தன் சிவந்த சட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அதிகாரி எழுந்து நின்றார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மெதுவாகக் கேட்டார். "நோனா, அடுத்த வருடமும் நீங்கள் இங்கேதான் இருப்பீர்களா?"

அலமேலு அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். துணிக் கிழிசல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பின்ன? இந்த மனுசன் புடுங்கிப் போட்டதுக்கு, மறுபடி நாத்து விட்டு, நட்டு, பூக்க வச்சு, விதை எடுக்கவே ரெண்டு வருசம் ஆகும். அதை விட்டுட்டு நான் எங்க போறது?"